ஒரே எண்ணில் பேசிய தெரு

மைக் இல்லாமலே கூட்டம் நடத்தக்கூடிய ஆள் எங்கள் தெருவில் ஒருத்திதான். தையல்கடை அக்கா. அதனால் அவளுக்கு மைக்கக்கா என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது நான்தான் என்று ஒரு பேச்சு உண்டு. மறுக்க மாட்டேன். என் மருந்துக்கடைக்கும் அவள் கடைக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். இருமல் மருந்து வாங்க வருகிறவர்கள்கூட அவள் குரலைக் கேட்டுவிட்டுத் தலைவலி மாத்திரையும் சேர்த்துத்தான் வாங்கிப் போவார்கள். பட்டம் சூட்ட எனக்கு உரிமை இல்லையென்றால் வேறு யாருக்கு?

கழுத்தில் இன்ச் டேப், காதோரம் ஒரு பென்சில், பல்லுக்கிடையே ஒரு குண்டூசி. குண்டூசியைக் கடித்துக்கொண்டே பேசுவாள். ஒரு நாள் விழுங்கித்தான் தீருவாள் என்று நானும் எதிர்பார்த்துப் பார்த்துவிட்டேன். ஜிப் போய்விட்டது என்று வருகிறவர்கள் ஜிப்போடு நிறுத்துவதில்லை. குழாயில் காற்று வருகிறது, குப்பை வண்டி நிற்காமல் போகிறது, மருமகள் முறைக்கிறாள் என்று எல்லாவற்றையும் அங்கேதான் கொட்டுவார்கள். மருமகள் விஷயம் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அக்கா போய் யாரிடமாவது பேசிவிட்டு வருவாள். சும்மா சொல்லக் கூடாது, பாதி காரியம் நடக்கும்.

கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த புதிதில் அவள் இப்படி இல்லையாம். கேட்டால்தான் பதில் சொல்வாளாம். நம்புவது கஷ்டம்தான், ஆனால் மூன்று பேர் சத்தியம் செய்கிறார்கள். அந்த வருஷமே, பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்த நாத்தனாரை ஒரு வேன் இடித்துப் போட்டுவிட்டது. மாமியாருக்கு அழ மட்டும்தான் தெரிந்தது. கணவர் லிஃப்ட் மெக்கானிக். பாதி வழியில் மாட்டிக்கொண்டு கதறுகிறவர்களிடம்கூட "கொஞ்சம் இருங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாதவர். யாராவது பேசித்தானே ஆக வேண்டும்? புதுப்பெண் பேசினாள். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் பேசினாள். பள்ளிக்கூடத்தில் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றச் சொல்லிப் பேசினாள். பிற்பாடு மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளியிடம் வேலைக்குப் பேசினாள். அன்றைக்குத் திறந்த வாய். அதற்கப்புறம் மூடுவதற்கு நேரம் கிடைக்கவில்லை.

நாத்தனாருக்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது. இடது முழங்கால் மடங்காது. ஒரு கையில் ஊன்றுகோல். கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமுக்குள் உட்கார வைக்கும் வேலையில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று அந்த முதலாளியே என் கடையில் வந்து சொல்லியிருக்கிறார். தினமும் காலையில் அக்கா அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை பஸ் ஸ்டாப் வரை கூடப் போவாள். எங்கள் ஸ்டாப்பில் பஸ் ஓரமாக ஒதுங்கி நின்றதாகச் சரித்திரம் கிடையாது. நடுரோட்டில் நிற்கும். அக்கா அவள் அக்குளுக்குக் கீழே தோளைக் கொடுத்து ஒரே தூக்காகத் தூக்கி ஏற்றுவாள். "இருங்க டிரைவர், இருங்க, ஏறட்டும்! ஏம்பா, நீ சின்னப் பையன்தானே, எழுந்திரு, இவளுக்குக் கால் முடியாது" என்று உள்ளே இருப்பவர்களையும் எழுப்பி, அவளை உட்கார வைத்துவிட்டுத்தான் இறங்குவாள். நாத்தனார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இந்த நிலையில்தான் எங்கள் நகரத்தை ஸ்மார்ட் நகரம் ஆக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. "ஊரே ஸ்மார்ட் ஆயிட்டா நாமெல்லாம் எங்கே போறது?" என்று மாடிவீட்டுக்காரர் கேட்டார். அவர் ஓய்வு பெற்ற கணக்கர். எதற்கும் முதலில் சந்தேகப்பட்டுவிட்டு அப்புறம்தான் காலைக் காப்பி குடிப்பார்.

திட்ட அதிகாரி என்று ஒரு பெண் தெருவுக்கே வந்து நின்று விளக்கினாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது, ஆனால் குரலில் அலுப்பு இல்லை. "பஸ், சிக்னல், தண்ணி, தெருவிளக்கு, குப்பை, எல்லாமே இனிமே ஒரே திரையில வரும். ஒரு இடத்துல நடக்கிறது இன்னொண்ணுக்குத் தெரியும். குழாய் போடத் தோண்டினா பஸ்ஸுக்குத் தகவல் போயிடும். ஆனா எது எங்கே வேணும்கிறதை நாங்க சொல்லக் கூடாது. குடியிருக்கிறவங்கதான் சொல்லணும்" என்றாள். எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் ஊரில் ரோடு போடுகிறவரும் ரோடு தோண்டுகிறவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே கிடையாது. அவர் போட்டுவிட்டுப் போவார், இவர் மறுநாள் வருவார்.

சொல்வதற்கு ஒரு செயலி வைத்திருந்தார்கள். செல்போன் எண்ணைக் கொடுத்துப் பதிந்துகொண்டு, குறையோ யோசனையோ அதில் எழுத வேண்டும். எங்கள் தெரு என்ன செய்தது என்றால், எப்போதும் செய்வதைச் செய்தது. நேராகத் தையல்கடைக்குப் போனது.

"அக்கா, இது கடவுச்சொல் கேக்குது. நீயே நம்ம விஷயத்தையும் சேர்த்துப் போட்டுடேன்."

"என் போன் பட்டன் போன்க்கா."

"உனக்குத்தான் எழுத வரும்."

ரெட்டைப் பிள்ளைகளின் அம்மா, மாடிவீட்டுக்காரர், லாண்டரிக்காரர், ஏன், கடை வாசலில் தேங்கும் சாக்கடைக்காக நான், எல்லோரும் அவளிடம் சொன்னோம். அவள் ராத்திரி பகல் பார்க்காமல் தட்டினாள். ஒன்றா இரண்டா? எனக்குப் படித்துக் காட்டுவாள். 'எங்கள் தெருக்கோடி விளக்கு விடாமல் கண்ணடிக்கிறது. பெண்பிள்ளைகள் நடக்கும் வழி. இந்த வயதில் அதற்கு இது தேவையா?' 'மாடிவீட்டுக் குழாயில் தண்ணீரைத் தவிர எல்லாம் வருகிறது.' நாத்தனாருக்காக எழுதியவைதான் அதிகம். 'தெருமுனை ஸ்டாப்பை எங்கள் வீட்டு வாசலுக்கே கொண்டுவர வேண்டும். ஊனமுற்ற பெண் இருக்கிறாள்.' ஒவ்வொன்றுக்கும் உடனே பதில் வந்துவிடும்: நன்றி, உங்கள் குரல் பதிவாகிவிட்டது. அதை அவள் தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தாள். அவ்வளவு மரியாதையான பதில் அவளுக்கு அதற்கு முன்னால் யாரும் தந்ததில்லை.

ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து வரைவுத் திட்டத்தைத் திட்ட அலுவலகத்தில் பார்வைக்கு வைத்தார்கள். அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். சுவர் அகலத்துக்கு ஒரு வரைபடம். மக்கள் அதிகம் பேசிய தெருக்கள் அடர்நீலத்தில் இருந்தன. பேசாத தெருக்கள் வெளிறிக் கிடந்தன. எங்கள் தெருவைத் தேடி அக்கா அடர்நீலத்திலேயே விரலை ஓட்டிக்கொண்டிருந்தாள். நான்தான் கண்டுபிடித்தேன். துவைத்துத் துவைத்துச் சாயம் போன துணி மாதிரி இருந்தது எங்கள் தெரு.

அது மட்டும் என்றால் சிரித்துவிட்டு வந்திருப்போம். பெரிய சாலையின் நடுவில் பஸ்ஸுக்கென்று தனிப்பாதை வருகிறது. ஸ்டாப்புகள் எல்லாம் சாலை நடுவே, சந்திப்புகளில். எங்கள் தெருமுனை ஸ்டாப் இருந்த இடத்தில் ஒரு சின்னப் பெருக்கல் குறி. பக்கத்துச் சந்திப்பு வரை நடந்து, அங்கே பாதிச் சாலையைக் கடந்தால்தான் இனி பஸ். அந்தச் சாலையில் விளக்கு மாறுவதற்குள் நானே ஓடித்தான் கடப்பேன்.

"அவ எப்படித் தாண்டுவா?" என்றாள் அக்கா. அந்த ஒரு வாக்கியத்தைத்தான் அவள் மெதுவாகச் சொல்லி நான் கேட்டேன். பஸ் இல்லையென்றால் கண்ணாடிக் கடை இல்லை. கண்ணாடிக் கடை இல்லையென்றால் நாத்தனார் வீட்டுக்குள்ளேயே உட்கார வேண்டியதுதான். இத்தனை வருஷம் வாய் வலிக்கப் பேசிச் சேர்த்தது மொத்தமும் அந்தப் பெருக்கல் குறிக்குள் போய்விடும்.

அதிகாரியின் மேசைக்கு முன்னால் போய் நின்றபோது பழைய குரல் திரும்பிவிட்டது. "ஒரு வருஷமா தொண்டை கிழியக் கத்தியிருக்கேன் மேடம்! ஒண்ணையாவது படிச்சீங்களா?"

"எல்லாத்தையும் படிச்சோம்க்கா. இந்த ஆபீஸ்ல உங்களைத் தெரியாதவங்களே இல்ல. கண்ணடிக்கிற விளக்கைச் சாப்பாட்டு நேரத்துல சத்தமாப் படிச்சுச் சிரிச்சோம். மறுநாளே சரி பண்ணிட்டாங்களே, பாக்கலையா?" அதிகாரி அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "ஆனா திட்டக் கணக்குல நீங்க ஒரே ஒரு ஆள்."

"என்னது?"

"ஒரே நம்பர்ல இருந்து எத்தனை வந்தாலும் ஒருத்தர் பேசினதாத்தான் எடுத்துக்கும். இல்லேன்னா பணம் இருக்கிறவன் நாலு பேரை உக்கார வெச்சு ஆயிரம் தடவை தட்டச் சொல்லியே ஊரைத் தன் பக்கம் திருப்பிடுவான். அதுக்காக வெச்ச விதி."

"அப்ப மத்த வீடெல்லாம்?"

"ஒரு வீடும் பேசலை. பேசாத வீடு திருப்தியா இருக்குன்னுதான் கணக்கு. அதுவுமில்லாம உங்க ஸ்டாப்புல பஸ் கார்டைத் தட்டி ஏறுறவங்களே இல்லைங்கிற அளவுக்குக் கம்மி. ரெண்டையும் சேர்த்துப் பாத்தா அந்த ஸ்டாப் தேவையில்லைன்னு வந்திருக்கு."

அதுவும் உண்மைதான். எங்கள் தெருக்காரர்களுக்கு ஒரு பழக்கம். தெருமுனையில் ஏறினால் உட்கார இடம் கிடைக்காது என்று, பஸ் கிளம்பும் நிலையத்துக்கே பின்னால் நடந்து போய், ஜன்னல் சீட்டைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு, எங்கள் ஸ்டாப்பைத் தாண்டியே போவோம். நடக்க முடியாதவர்கள் மட்டும்தான் அங்கே ஏறுவார்கள். ஜன்னல் சீட்டுக்கு ஆசைப்பட்டு ஸ்டாப்பையே காலி பண்ணின தெரு உலகத்தில் வேறு எங்காவது இருக்குமா என்று தெரியவில்லை.

விதியில் குற்றம் இல்லை. அதனால்தான் எனக்கு எரிச்சல். குற்றம் இருந்திருந்தால் மேசையைத் தட்டிச் சண்டை போட்டிருக்கலாம். அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்து டேப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். அதிகாரி சொன்னாள்: "சனிக்கிழமை பள்ளிக்கூட ஹால்ல கடைசிக் கருத்துக் கேட்பு இருக்கு. ஒவ்வொரு வீட்டுக்காரங்களும் அவங்களே வந்து, அவங்க வாயால சொல்லட்டும். எல்லாத்தையும் புதுசாப் பதிஞ்சு கணக்கை மறுபடி ஓட்டலாம். நீங்க மட்டும் பேசக் கூடாதுக்கா. உங்க குரல் ஏற்கனவே இருக்கு."

விஷயம் தெருவுக்குத் தெரிந்ததும் மாடிவீட்டுக்காரர் பால்கனியிலிருந்து, "தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் வீட்டுக் குழாய்க்கு எழுதிப் போட்டதும் அதே தவளைதான். அண்ணாந்து அதையே சொன்னேன். அவர் உள்ளே போய்விட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு நாள் அப்படியே. இத்தனை காலம் அமைதி வேண்டும் என்று ஏங்கியவன்தான் நான். கிடைத்தபோது சகிக்கவில்லை.

மூன்றாம் நாள் அவளே வந்தாள். "தம்பி, நான் பேசிப் பேசியே இந்தத் தெருவை ஊமையாக்கிட்டேன். எப்படியாவது எல்லாரையும் பேச வெக்கணும்" என்றாள். வீடு வீடாகப் போனாள். போனவள் சும்மா இருந்தாளா? ஒவ்வொருவருக்கும் பாடம் நடத்தினாள். "எழுந்ததும் வணக்கம் சொல்லு. 'எங்கள் தெருமுனை நிறுத்தம் எங்கள் உயிர்நாடி'ன்னு ஆரம்பி. உயிர்நாடிங்கிறப்ப குரல் ஏறணும்." வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை வேறு. லாண்டரிக்காரருக்கும் உயிர்நாடி, ரெட்டைப் பிள்ளைகளின் அம்மாவுக்கும் உயிர்நாடி.

"அக்கா, எல்லார் வாயிலயும் நீயேதான் பேசறே. இதுக்கு உன் போனே தேவலையே" என்றேன்.

முறைத்தாள். அப்புறம் பொத்தென்று ஸ்டூலில் உட்கார்ந்து, "சரி, அவங்கவங்களுக்குத் தோணினதைச் சொல்லித் தொலைங்க" என்று எல்லோரையும் அனுப்பிவிட்டாள். நாத்தனார் மட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"அண்ணி, நான் என்ன சொல்லணும்?"

"நீ ஒண்ணும் பேச வேண்டாம் கண்ணு. நீ வந்து நின்னாலே போதும். பாத்தாலே அவங்களுக்குப் புரிஞ்சிடும்."

அன்பாகத்தான் சொன்னாள். அதைவிட அன்பாகச் சொல்ல முடியாது. நாத்தனார் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தாள். பிறகு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அந்த முகம் அப்படி ஆகியிருக்காது. அக்கா நூல் கோர்ப்பதில் மும்முரமாக இருந்ததால் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மதியம் ஹாலில் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுகளில் முழங்காலை இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். முன்னால் பெரிய திரையில் எங்கள் பகுதி. யார் என்ன சொன்னாலும் அதிகாரி அதைத் திரையில் வைத்துக் காட்டினாள். ஸ்டாப்பைத் திரும்ப வைத்தால் சந்திப்பில் பஸ் எவ்வளவு நேரம் நிற்கும், எந்த விளக்குக் கம்பம் நகர வேண்டும், மழைநீர்க் கால்வாய் எப்படி வளையும் என்று ஒன்றை அசைத்தால் எல்லாம் அசைந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

எங்கள் ஆட்கள்தான் நன்றாக இல்லை. ரெட்டைப் பிள்ளைகளின் அம்மா அழகாக ஆரம்பித்து, பாதியில் திரும்பி, "அக்கா, அடுத்து என்ன?" என்று கேட்டாள். ஹாலே சிரித்தது. அக்கா டேப்பின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். லாண்டரிக்காரர் ஸ்டாப்பை விட்டுவிட்டுத் தன் வாசல் பள்ளத்தைப் பற்றியே பேசினார். மாடிவீட்டுக்காரர் எழுந்து, "ஸ்டாப் போகட்டுமே. பஸ் ஏறவும் மாட்டாங்க, என் கேட்டுக்கு முன்னாடி நின்னுக்கிட்டு வெத்துப் பேச்சுப் பேசறாங்க" என்று குண்டைத் தூக்கிப் போட்டார். அக்கா பாதி எழுந்துவிட்டாள். நான் சட்டென்று அவள் தோளில் கிடந்த பையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். அப்போது அவள் கணவர் எழுந்தார். "ஸ்டாப் வேணும்" என்றார். உட்கார்ந்தார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு சொற்பொழிவு.

நான் ஜன்னல் சீட்டுக் கதையை ஒளிக்காமல் சொன்னேன். அதிகாரி சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டாள். வேறு யாராவது உண்டா என்று அவள் கேட்டபோது, பின்வரிசையில் ஊன்றுகோல் தரையில் தட்டும் சத்தம்.

நாத்தனார் நடுவழியில் வந்து நின்றாள். அக்காவின் முகம் மலர்ந்தது. அவள் வந்து நின்றால் போதும் என்று நினைத்திருந்தவள் அல்லவா? ஆனால் இவள் பேசினாள்.

"எனக்கு ஸ்டாப் வீட்டு வாசல்ல வேணும்னு எங்க அண்ணி எழுதியிருக்காங்க. எனக்கு அது வேண்டாம்."

எல்லாத் தலைகளும் அக்கா பக்கம் திரும்பின.

"வாசல்ல வந்தாலும் பஸ்ஸோட படி உயரம்தான். யாராவது தூக்கித்தான் ஏத்தணும். தினமும் எங்க அண்ணி தூக்கறாங்க. அவங்களுக்கு இப்ப முதுகு வலி. ராத்திரியில தைலம் தேய்ச்சுக்கறாங்க, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு. நீங்க காட்டின புது ஸ்டாப்புல தரையும் பஸ்ஸும் ஒரே மட்டம். அங்கே போயிட்டா நான் நடந்தே உள்ளே போவேன். யாரும் வேண்டாம். அந்தப் பாதிச் சாலையைத் தாண்டறதுதான் பிரச்சனை." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும்னு சொல்றீங்களே மேடம். பஸ்ல ஏற நான் கார்டு தட்டறேன். அதே கார்டை சிக்னல் கம்பத்துல தட்டினா, வர்றது மெதுவா நடக்கிற ஆளுன்னு அந்த சிக்னலுக்குத் தெரியாதா? அது கொஞ்சம் காத்திருக்காதா? வழியில உக்கார ரெண்டு பெஞ்சு போடுங்க. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

அதிகாரி பக்கத்தில் இருந்த பொறியாளரிடம் குனிந்து ஏதோ கேட்டாள். அவர் தலையாட்டினார். "அந்த வசதி ஏற்கனவே இருக்கு" என்றாள் அதிகாரி. "யாரும் கேக்கலைன்னு எந்தச் சந்திப்புலயும் வைக்கலை. இங்கேதான் முதல்ல வைக்கப் போறோம். அது வேலை செய்யுதுன்னு நீங்க நடந்து பாத்துச் சொல்ற வரைக்கும் பழைய ஸ்டாப்பை எடுக்க மாட்டோம். எழுதிக்குங்க" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாள்.

தெருவில் எல்லோருக்கும் இது இனித்தது என்று சொல்ல மாட்டேன். "ஸ்டாப்புக்காகத்தானே எங்களைக் கூட்டிட்டு வந்தே? உன் வீட்டுப் பொண்ணே வேண்டாம்கிறா" என்று லாண்டரிக்காரர் அக்காவிடம் குறைபட்டார். மாடிவீட்டுக்காரர் மட்டும் பால் குடித்த பூனை மாதிரி திருப்தியாக இருந்தார். அக்கா திரும்பி வரும்போது நாத்தனாரின் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு வந்தாள். தெரு திரும்பும் இடத்தில்தான் வாய் திறந்தாள்.

"ஏன்டி, இதை என்கிட்ட ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன் அண்ணி. நீங்க எழுதறப்போ பக்கத்துல உக்காந்து சொன்னேன். எனக்கு ரோட்டைத் தாண்டணும்னேன். நீங்க ஸ்டாப் வாசலுக்கு வரணும்னு எழுதிட்டீங்க."

அக்கா அப்படியே நின்றுவிட்டாள். சண்டைக்காரியின் முகம் அழுவதற்குத் தயாராகும்போது பார்க்கச் சகிக்காது. நான் கடையைத் திறக்க வேண்டும் என்று ஏதோ சொல்லிவிட்டு முன்னால் நடந்தேன். நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க பேசலேன்னா நான் ஸ்கூலுக்கே போயிருக்க மாட்டேன் அண்ணி. அது வேற, இது வேற" என்று சொல்வது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

சந்திப்பு வேலை முடிய மாதங்கள் ஆயின. நடுவில் ரோட்டைத் தோண்டினார்கள், மூடினார்கள், மறுபடி தோண்டினார்கள். திரையில் ஒன்றோடொன்று பேசிக்கொண்டவை மண்ணில் பேசிக்கொள்ளக் கொஞ்ச நாள் பிடித்தது. ஒருவழியாக, நடந்து பார்க்க வரச் சொல்லி நாத்தனாருக்கு அழைப்பு வந்தது. அவளுடைய எண்ணுக்கே வந்தது.

அதற்கு முந்தின நாள் அவள் தன் வேலைப் பையை அக்காவிடம் கொண்டுவந்து, "நீளமா ஒரு வார் வெச்சுத் தைச்சுக் குடுங்க அண்ணி. குறுக்கே மாட்டிக்கறேன்" என்றாள். அக்கா ஏன் என்று கேட்கவில்லை. தோளிலிருந்து இடுப்பு வரை டேப்பை வைத்து அளந்தாள். ஒரு யானையைக் கட்டினாலும் அறாத மாதிரி இரட்டைத் தையல் போட்டாள். மெஷின் வழக்கத்தைவிட வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

காலையில் தெருவில் பாதிப் பேர் சந்திப்பில் இருந்தோம். அதிகாரியும் வந்திருந்தாள். நாத்தனார் பையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு கம்பத்தில் கார்டைத் தட்டினாள். அக்கா எனக்குப் பக்கத்தில், இந்தப் பக்க நடைபாதையின் விளிம்பில் நின்றாள். விளக்கு மாறியது. வண்டிகள் நின்றன. நாத்தனார் இறங்கி நடந்தாள். ஊன்றுகோல், கால், ஊன்றுகோல், கால். பாதி தாண்டியதும் ஒரு லாரிக்காரர் பொறுக்காமல் ஹாரன் அடித்தார். அக்காவின் வாய் திறந்தது. எனக்கு நன்றாகத் தெரியும், அந்த ஆளின் ஏழு தலைமுறையும் அந்த வாய்க்குள் தயாராக நின்றது. நாத்தனார் லாரியைத் திரும்பிப் பார்த்து, ஊன்றுகோலைச் சற்று உயர்த்தி, 'இருப்பா' என்று சைகை காட்டினாள். பிறகு அதே நடையில் நடந்தாள். ஹாரன் நின்றது. அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

விளக்கு காத்திருந்தது. அவள் மேடை மேல் ஏறும் சரிவில் போய்ச் சேர்ந்த பிறகுதான் மாறியது. பஸ் வந்தது. மேடையோடு ஒட்டி நின்றது. கதவு திறந்தது. வாசலைத் தாண்டி நடுக்கூடத்துக்குப் போகிற மாதிரி அவள் உள்ளே போனாள். யாரும் தூக்கவில்லை, யாரும் யாரையும் எழுப்பவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தோம். கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி நின்றாள். பஸ் கிளம்பிவிட்டது.

அக்கா என் முழங்கையைப் பிடித்திருந்தது அப்போதுதான் வலித்தது.

"போயிட்டா தம்பி. தானாவே ஏறிப் போயிட்டா." கண்ணிலிருந்து வழிந்ததை அவள் துடைக்கவில்லை. பஸ் போன திசையைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள். "ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கலை பாத்தியா? திமிர் பிடிச்சவ!"

இவ்வளவு பெருமையாக அவள் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை.